நாற்பத்திரண்டு பிள்ளைகளும் ஒரு டைனோசரும்

கையில் நோட்டும் பேனாவுமாக ஒரு பெண் தனியாகக் காலைக் காட்சிக்குப் போனால் திருத்தங்கல் என்ன நினைக்கும்... நினைக்க வேண்டியதைத்தான் நினைத்தது. செல்வலட்சுமி சிவகாசி பஸ்ஸில் ஏறி உட்காருவதற்குள், அவள் யாரைப் பார்க்கப் போகிறாள் என்பதற்கு அவள் தெருவில் மூன்று பதில்கள் தயாராகிவிட்டன. மூன்றிலும் ஓர் ஆண் இருந்தான். டைனோசர் எதிலும் இல்லை.

உண்மை கொஞ்சம் சப்பென்றுதான் இருந்தது. பட்டாசு ஆலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளுக்குச் சமுதாயக் கூடத்தில் வகுப்பு நடத்துகிறவள் அவள். அரைப்பரீட்சை லீவு என்பதால் பிள்ளைகள் பகலெல்லாம் அவளிடம்தான். மொத்தம் நாற்பத்திரண்டு பேர். சிவகாசியில் ஒரு தியேட்டர்காரர் அவர்களுக்குச் சனிக்கிழமை இலவசமாக ஒரு காட்சி போடுவதாகச் சொல்லியிருந்தார். முக்கால்வாசிப் பிள்ளைகள் தியேட்டருக்குள் கால் வைத்ததே இல்லை. படமோ டைனோசர் படம்.

தாய்மார்கள் குழாயடியில் கூடி முடிவு செய்தார்கள்.

"நீ போயி மொதல்ல பார்த்துட்டு வா டீச்சர். நீ சரின்னா அனுப்புறோம். பிள்ளை பயந்து காய்ச்சல்ல விழுந்துச்சுன்னா, பெறகு உங்கிட்டயும் விட மாட்டோம்."

விடவில்லை என்றால் வேறென்ன செய்வார்கள்... வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குப் போவார்கள். செல்வலட்சுமி அப்படிப் பூட்டிய வீட்டுக்குள் வளர்ந்தவள். அதனால் இந்தப் படம் அவளுக்கு விளையாட்டு இல்லை.

தியேட்டரில் மொத்தம் ஏழெட்டுப் பேர். நடு வரிசையில் உட்கார்ந்து, திரை வெளிச்சத்தில் எழுதிக்கொண்டே வந்தாள். 'ஆட்டை விழுங்கியது. பரவாயில்லை, கிடாவெட்டு பார்த்த பிள்ளைகள். பல் பெரிது. ரத்தம் குறைவு. கெட்டவனைத் தின்றது. கை தட்டுவார்கள்.'

அப்போதுதான் மரத்துக்குப் பின்னாலிருந்து அது பாய்ந்தது. பாய்ந்த அதே நொடியில் ஒரு கை அவள் கையைப் பிடித்தது.

திடுக்கிட்டுத் திரும்பினாள். ஒரு சீட் தள்ளி ஓர் இளைஞன். கண்களை இறுக மூடியிருந்தான். நீள நீளமான இமைகள்... மூடியிருக்கும்போதே இப்படி இருக்கிற கண்கள் திறந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதற்காகத் தன்னையே கடிந்துகொண்டாள். பிறகு அவனைக் கடிந்துகொண்டாள்.

"கையை எடுங்க அண்ணாச்சி."

"போயிருச்சா?"

"எது?"

"அதான்... அது."

"போயிருச்சு. இப்ப மரம் மட்டும்தான் நிக்குது."

கண்ணைத் திறந்தான். முதல் மழை விழுந்த கரிசல் மண்ணின் கறுப்பு. செல்வலட்சுமிக்கு நோட்டில் அடுத்து என்ன எழுத வேண்டும் என்பது மறந்துபோனது.

"இம்புட்டுப் பயத்தை வச்சுக்கிட்டு எதுக்கு வந்தீக?"

"வராம முடியாதே... தியேட்டர் எங்களுது. சனிக்கிழமை ஒரு அம்பது பிள்ளைக வருது. படம் அதுகளுக்கு ஆகுமான்னு பார்க்க வந்தேன்."

"நாப்பத்திரண்டு."

"என்னது?"

"அம்பது இல்ல, நாப்பத்திரண்டு. நான்தான் அந்தப் பிள்ளைகளோட டீச்சர்."

அவன் பெயர் ஸ்ரீராம்குமார். அய்யாதுரை அண்ணாச்சியின் ஒரே மகன். சிவகாசியில் பாதிப் பேருக்கு உறவு, மீதிப் பேருக்கு வியாபாரம் என்கிற குடும்பம். அந்தக் குடும்பத்தில் டைனோசருக்குப் பயப்படுகிற ஒருவன் இருப்பது இதுவரை வெளியே தெரியாமல் காக்கப்பட்டிருக்கிறது.

"சர்டிபிகேட்டுல பார்த்தீகளா? ஏழு வயசுக்குக் கீழன்னா பெத்தவுக பார்த்து முடிவு பண்ணணும்னு போட்டிருக்கு" என்றான்.

"பெத்தவுக வேலைக்குப் போயிருக்காக. அவுகளுக்குப் பதிலாத்தான் நான் உக்காந்திருக்கேன். நீங்க யாருக்குப் பதிலா?"

"ஏழு வயசுக்குக் கீழ இருக்கவுகளுக்குப் பதிலா."

சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தாள். உதடு கேட்கவில்லை. இடைவேளையில் அவன் சூடாக ஒரு காபி வாங்கி வந்தான். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டாள்.

எல்லாம் நன்றாகத்தான் போனது... அந்தச் சத்தம் வருகிற வரைக்கும்.

திரையில் ஒன்றுமே இல்லை. அமைதியான ஒரு காடு. எங்கோ தூரத்தில் பெரிய டைனோசர் நடந்து வருகிறது. தொம்... என்றது. சீட் அதிர்ந்தது. மறுபடியும் தொம்... நெஞ்சுக்கூட்டுக்குள் போய் விழுந்தது. செல்வலட்சுமி எழுந்து நின்றிருந்தாள். எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. போன் காதில் இருந்தது. அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டே இருந்தது. அம்மாவின் போன் ஆலை வாசலில் ஒரு பெட்டிக்குள் கிடக்கும், உள்ளே கொண்டுபோக விட மாட்டார்கள், யாரும் எடுக்க மாட்டார்கள். தெரியும். தெரிந்தும் விரல் போட்டுவிட்டது.

பக்கத்தில் அவன் சிரித்தான்.

"என்ன டீச்சர், டைனோசருக்கா போன் போடுறீக? ரிங் போகுதா?"

அவ்வளவுதான். நோட்டை மூடினாள். வெளியே வந்தாள். வெளியே, இந்த ஊருக்கு அதிசயமாக, மழை. கண்ணாடிக் கம்பிகளாய் இறங்கிக்கொண்டிருந்தது. குடையோடு அவன் பின்னால் ஓடி வந்தான்.

"படம் பிள்ளைகளுக்கு ஆகாது" என்றாள்.

"ஏன் டீச்சர்? ஆட்டைத் தின்னதுக்கே பரவாயில்லன்னு எழுதியிருக்கீக. நான் எட்டிப் பார்த்தேன்."

"சொன்னா உங்களுக்கு வெளங்காது. சிரிக்கத்தான் தெரியும்."

"நோட்டீஸ் அடிச்சாச்சு. எங்க அப்பா ஊரெல்லாம் சொல்லியாச்சு. காரணமே சொல்லாம ஆகாதுன்னா எப்படி?"

"அது உங்க கவலை."

குடையை நீட்டினான். வாங்கவில்லை. நனைந்துகொண்டே பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். திரும்பிப் பார்க்கவே இல்லை... இரண்டு தடவை தவிர.

மறுநாள் மத்தியானம் சமுதாயக் கூடத்து வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. தெருவில் நான்கு கதவுகள் திறந்தன. நேற்றைய மூன்று பதில்களுக்கும் ஆள் கிடைத்துவிட்ட நிம்மதி.

வந்தவன் வீம்பாகத்தான் வந்தான்.

"பார்க்கப் போறது பிள்ளைக. அதுககிட்டயே கேட்டுருவோம் டீச்சர். ஏலே, டைனோசர் படம் பார்ப்பீகளா?"

நாற்பத்திரண்டு கைகளும் மேலே போயின. செல்வலட்சுமியின் முகம் வாடியது. அவளும் அவர்களுக்கு இல்லை என்று சொல்ல ஆசைப்பட்டா சொல்கிறாள்...

"பயப்பட மாட்டீகளே? இருங்க, நான் வெளிய போறேன். டைனோசர் வருதுன்னு நெனச்சுக்கோங்க."

கூடத்துக்குப் பின்னால் ஒரு காலித் தகர டிரம் கிடந்தது. அவன் அதைக் கையால் ஓங்கி ஒரு குத்து விட்டான். தொம்... என்றது.

கூடம் அடங்கிப்போனது. ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை. முன்னால் இருந்த இரண்டு பேர் எழுந்து வாசலுக்கு ஓடி, வானத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். ஏழு வயது முத்துமாரி மட்டும் இடம் விட்டு நகராமல், சிரித்தபடி உள்ளே வந்தவனைப் பார்த்துக் கேட்டாள்.

"எந்தப் பக்கம்ணே?"

அவன் சிரிப்பு அப்படியே நின்றது. கதவைப் பிடித்துக்கொண்டான். வாசலில் புகையைத் தேடிக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்தான். செல்வலட்சுமியைப் பார்த்தான். அவள் பார்வை ஆலைகள் இருக்கும் திசைக்குப் போய்த் திரும்பியது.

"ஒரு பக்கமும் இல்லம்மா. நான்தான் டிரம்முல அடிச்சேன். வந்து பாரு, கை எப்படிச் செவந்திருக்குன்னு."

முத்துமாரி கையைப் பிடித்துப் பார்த்துச் சரி என்ற பிறகுதான் மற்றவர்கள் மூச்சு விட்டார்கள்.

"நானும் இப்படித்தான் டீச்சர்" என்றான் மெதுவாக. "எங்க மாமாவும் பட்டாசுக் கம்பெனிதான் வச்சிருக்காக. வெடிச் சத்தம் கேட்டா எந்தப் பக்கம்னுதான் நானும் கேட்டு வளர்ந்தேன். ஆனா எங்க வீட்ல ஆளுக்கொரு போன் இருந்துச்சு... உடனே பதில் வந்துரும். நேத்து நீங்க எந்திரிச்சு நின்னதைப் பார்த்துட்டுச் சிரிச்சேன் பாருங்க... என்னைச் செருப்பால அடிக்கணும்."

"செருப்பு புதுசு" என்றாள் செல்வலட்சுமி.

"அப்ப படத்தை நிப்பாட்டிருறேன்."

பிள்ளைகள் அவளையே பார்த்தார்கள். எண்பத்து நாலு கண்கள். அவள் நேற்றைய நோட்டைப் புரட்டினாள். பிறகு, தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னாள்.

"பல்லு இல்ல, ரத்தம் இல்ல, அந்தச் சத்தம்தான். அது வரும்போது அம்மா பக்கத்துல இருக்கணும். அம்மா பக்கத்துல இருந்தா அது வெறும் சத்தம். அம்புட்டுத்தான்."

"சனிக்கிழமை அவுக வேலைக்குப் போயிருவாகளே."

"ஞாயித்துக்கிழமை லீவு."

ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சி என்பது அய்யாதுரையின் கோட்டை. புதுப் படத்துக்குக் கூட்டம் கேட்டைத் தள்ளும். அந்த நேரத்தில் தியேட்டரைச் சும்மா கேட்பது புலியிடம் பல் கேட்பது மாதிரி.

"முடியாதுன்னா சொல்லிருங்க. பிள்ளைககிட்ட நானே சொல்லிக்கிறேன்" என்றாள்.

"முடியும்" என்றான். பயந்து பயந்துதான் சொன்னான். ஆனால் சொன்னான்.

அன்று சாயங்காலம் தியேட்டர் ஆபீஸில் நடந்ததை டிக்கெட் கிழிக்கும் சங்கையா ராத்திரி சாப்பாட்டுக்குள் திருத்தங்கல் வரை கொண்டுவந்து சேர்த்துவிட்டார். செல்வலட்சுமி காதிலும் அது விழுந்தது.

"ஞாயித்துக்கிழமையா? உனக்கு டைனோசர்னாத்தான் பயம்னு நெனச்சேன். அந்த டீச்சர்னாலும் பயமாலே?" என்றாராம் அய்யாதுரை.

"ரெண்டும்தான்பா. ஆனா ஒண்ணு சொல்லுங்க. எங்கயாவது சத்தம் கேட்டா உடனே எனக்குப் போன் போடுறீகளே, ஏன்? நான் தியேட்டர்லதான் இருக்கேன்னு தெரியும்ல."

அய்யாதுரை கையிலிருந்த போனை மேஜையில் கவிழ்த்து வைத்தாராம்.

"அந்தப் பிள்ளைக போன் போட்டா எடுக்க முடியாத எடத்துலப்பா அதுக அம்மாமாரு இருக்காக."

பிறகு, "எத்தனை மணிக்கு?" என்றாராம் அய்யாதுரை. "பத்து" என்றானாம் மகன். "பால்கனியும் சேர்த்துத் தொறந்து விடு." அதற்குப் பிறகு மகன் வேறு என்னவோ பேச ஆரம்பித்ததும் கதவைச் சாத்திவிட்டார்கள். சங்கையாவுக்கு அதுதான் பெரிய மனக்குறை.

செல்வலட்சுமி குழாயடிக்குப் போய்த் தீர்ப்புச் சொன்னாள்.

"படம் பார்த்துட்டேன். பிள்ளைகளுக்கு ஆகும். ஆனா நீங்களும் வரணும்."

"நாங்களா?" என்றார்கள் தாய்மார்கள். அவள் அம்மா வள்ளித்தாய்தான் முதலில் முறுக்கிக்கொண்டாள். "ஞாயித்துக்கிழமைதாம்ட்டி துணி தொவைக்க முடியும்."

"அழுக்கு ஒரு வாரம் இருந்தா செத்துராது."

ஞாயிற்றுக்கிழமை பத்து மணி. எண்ணெய் தேய்த்துக் குளித்து, பூ வைத்து, கல்யாணத்துக்குப் போவது போலத் தாய்மார்கள் வந்தார்கள். பால்கனி சீட்டில் உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்து பார்த்தார்கள். ஆடு போனது. கெட்டவன் போனான். கைதட்டல் கூரையைத் தொட்டது.

பிறகு அந்தக் காடு. அமைதி.

தொம்...

செல்வலட்சுமி திரையைப் பார்க்கவில்லை. பிள்ளைகளைப் பார்த்தாள். நாற்பத்திரண்டு தலைகளும் ஒரே நேரத்தில் பக்கவாட்டில் திரும்பின. அம்மா இருந்தாள். மடியில் கடலை இருந்தது. தொம்... என்றது மறுபடியும். முத்துமாரி தன் அம்மாவின் முந்தானையை ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, காலால் தரையை ஓங்கி மிதித்தாள். தொம். பக்கத்து வரிசை மிதித்தது. அதற்கடுத்த வரிசையும். டைனோசர் ஓர் அடி வைத்தால் திருத்தங்கல் பிள்ளைகள் நாற்பத்திரண்டு அடி வைத்தார்கள். டைனோசர் திரைக்கு வந்தபோது அலறியது தாய்மார்கள்தான். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "பயப்படாதம்மா, நான் இருக்கேன்ல" என்று ஓர் ஆறு வயசு தைரியம் சொன்னது.

செல்வலட்சுமிக்குக் கண் நிறைந்து வழிந்தது. துடைக்கவில்லை.

படம் விட்டது. வாசலெங்கும் பிள்ளைகள் கையை மடக்கி, பல்லைக் காட்டி, உறுமிக்கொண்டு திரிந்தார்கள். தாய்மார்கள் அய்யாதுரையைச் சுற்றி நின்று, அடுத்த படம் எப்போது என்று கேட்க, மனிதர் பதில் சொல்ல முடியாமல் பூரித்துப்போய் நின்றார். ஸ்ரீராம்குமார் அவள் பக்கத்தில் வந்து நின்றான். கழுத்துப் பட்டனைப் போட்டான். கழற்றினான்.

"டீச்சர்... ஒரு தப்புப் பண்ணிட்டேன்."

"இன்னும் என்ன?"

"வெள்ளிக்கிழமை இந்தக் காட்சியைக் கேட்கப் போனப்பவே அப்பாகிட்ட ஒண்ணு சொன்னேன். உங்ககிட்ட மொதல்ல சொல்லியிருக்கணும்." ஒரு மூச்சு இழுத்தான். "உங்களைத்தான் கட்டிக்குவேன்னு சொன்னேன். அவுக உடனே சரின்னு சொல்லலை. முடியாதுன்னும் சொல்லலை. ஆனா நான் மாற மாட்டேன். எனக்கு உங்களை அம்புட்டுப் பிடிச்சிருக்கு செல்வலட்சுமி."

அவன் வாயில் அவள் பெயர் முதல்முறையாக வந்தது. கரிசல் நிறக் கண்கள், மூடாமல், நேராக அவளைப் பார்த்தன.

அவள் கன்னம் சூடானது. தலையைக் குனிந்தாள். குனிந்த தலையை உடனே நிமிர்த்தினாள்.

"நானும் ஒரு தப்புப் பண்ணிட்டேன்."

"என்ன?"

"இடைவேளையில எங்க அம்மாகிட்ட உங்களைக் காட்டி... எனக்கு இவுகதான்னு சொல்லிட்டேன்."

அவன் கழற்றிய பட்டனை மறுபடி போட்டான்.

"அவுக... என்ன சொன்னாக?"

"படம் முடியட்டும்னாக."

வாசல் தூண் அருகே வள்ளித்தாய் இடுப்பில் கை வைத்து, இவனை உச்சி முதல் பாதம் வரை அளந்துகொண்டு நின்றாள்.

"படம் முடிஞ்சிருச்சே" என்றான்.

"முடிஞ்சிருச்சு, வாங்க" என்று சொல்லிவிட்டு, ஊர் முழுக்கப் பார்க்க, செல்வலட்சுமி அவன் கையைப் பிடித்து அம்மாவை நோக்கி நடந்தாள்.