பதினோராம் வளைவில் நின்றவர்

கட்டுப்போட்ட காலை இழுத்துக்கொண்டு ஜக்கையன் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தான் முத்துக்கண்ணன். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்பு டிரைவர். போன வாரம் போடிமெட்டுப் பாதையின் பதினோராம் வளைவில் ஜீப்பு கவிழ்ந்து நான்கு பெண்களுக்குக் காயம். தாறுமாறாக ஓட்டியதாக வழக்கு. லைசென்ஸ் போகும் நிலைமை.

“காலைல ஆறரை மணி, ஒரே மஞ்சு மூட்டம். வளைவுல ஒருத்தர் கைகூப்பி நின்னாரு சார். ஹாரன் அடிச்சும் நகரல. ஸ்டீரிங்கை ஒடிச்சேன், அம்புட்டுத்தான். பின்னால தார்ப்பாய்க்குள்ள இருந்தவுங்க பார்க்கல. குடிச்சிருந்தேங்கிறாங்க. எங்கூட யாரும் பேசுறதுகூட இல்ல.”

“அங்கே வளைவு எச்சரிக்கைப் பலகை இருக்கே?” என்றார் ஜக்கையன். மோட்டார் வாகன ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தனிக்கட்டை.

“அன்னைக்கு இல்லவே இல்ல சார்!”

அன்று பத்து மணிக்குப் போலீஸ் எடுத்த படத்தில் பலகை பளிச்சென்று நின்றது. கூட வந்திருந்த அவனுடைய வக்கீல் பானுப்பிரியா துள்ளினாள். “நின்ன ஆளைப் பிடிச்சா கேஸ் முடிஞ்சது சார்!”

ஜக்கையனும் பானுப்பிரியாவும் மலையேறினார்கள். சுற்றிலும் ஒரு வீடு கிடையாது. பலகையின் நான்கு மூலைகளிலும் வெட்டிய கட்டுக்கம்பித் துண்டுகள். அடியில் காய்ந்த செவ்வந்தி மாலை. ஜக்கையன் குனிந்து மாலையைத் தொட்டுப் பார்த்தார்.

“ஹாரனுக்கு அசையாத ஆள் உயிரோடு இருக்கிறவர் இல்லைம்மா. அவர் வந்ததும் பலகை மறைந்தது, போனதும் தெரிந்தது. முத்துக்கண்ணன் கவிழ்ந்த அதே தேதியில், போன வருஷம் பால்ராஜ் என்கிற டிரைவர் இங்கேதான் விழுந்து இறந்தார். அந்த ஜீப்பைச் சோதித்தவன் நான்.”

பால்ராஜின் மனைவி சந்திரவல்லி தோட்டத் தொழிலாளர் லயத்தில் ஒற்றை அறையில் இருந்தாள். கேட்டதுமே அழுதுவிட்டாள். டிரங்குப் பெட்டியிலிருந்து மடித்த பிளெக்ஸை எடுத்து விரித்தாள். முதலாமாண்டு நினைவஞ்சலி. வெள்ளைச் சட்டையில், ஆளுயரத்துக்கு, கைகூப்பிய பால்ராஜ்.

“முதநாள் சாயங்காலம் அந்தப் பலகை மேல கட்டினேன். காலைல மாலை போட வந்தா ஜீப்பு கெடக்கு. பயத்துல அறுத்துட்டு வந்துட்டேன். அங்க கட்டுறதுக்கு வேற கம்பமே இல்லைங்கய்யா.”

“பலகையை வளைவுக்கு முன்னாலேயே நட்டிருக்க வேண்டும். வளைவின் வாயிலேயே நட்டுவிட்டார்கள். வைக்கச் சொல்லி எழுதிய நானும் எங்கே என்று போய்ப் பார்க்கவில்லை” என்றார் ஜக்கையன். அவருக்கு வெட்கமாக இருந்தது.

“இவுக விழுந்தப்ப பலகையே இல்ல. இவுக செத்ததாலதான் வச்சாங்க. அதை இவுக படத்தை வச்சே மறைச்சுட்டேனே!”

பானுப்பிரியாவின் உற்சாகம் அடங்கிவிட்டது. “கோர்ட்டில் சொல்வீங்களாக்கா? உங்க மேலயும் கேஸ் வரலாம்.”

சந்திரவல்லி பிளெக்ஸைப் பதமாக மடித்து அவள் கையில் கொடுத்தாள்.

“சொல்றேன். அந்தத் தம்பி ஜீப்பு எடுக்கிற அன்னைக்குச் சொல்லிவிடுங்க. மொத ஆளா நான் ஏறிக்கிறேன்.”