இருபத்தைந்தாவது பெயர்

காலை ஐந்தரைக்குச் சங்கு ஊதும். ஆறு மணிக்குள் முதல் லயத்தின் வரிசைவீட்டு ஆட்கள் எடைச் சுழலியின் வாசலில் வரிசையாக நிற்க வேண்டும். ஒழுங்குவிதிப் புத்தகத்தில்தான் அது எடைச் சுழலி. லயத்தில் எல்லாருக்கும் அது ராட்டினம். வட்டமான பெரிய கூடம், விளிம்பில் நாற்பது இருக்கைகள். அஞ்சுகம் விசையைத் தள்ளியதும் கூடம் மெல்லச் சுழலத் தொடங்கும். வேகம் ஏற ஏற, உட்கார்ந்திருப்பவர்களின் கன்னம் தொங்கும், இமை கனக்கும், நெஞ்சின் மேல் யாரோ ஏறி உட்கார்ந்ததுபோல மூச்சு முட்டும். அதுதான் பூமியின் எடை. செவ்வாயில் பிறந்து வளர்ந்த உடம்புகளுக்கு அதை நாளுக்கு ஒரு மணி நேரம் ஊட்டுவது அவள் வேலை.

ஊட்டாவிட்டால் எலும்பு மெலிந்துவிடும். மெலிந்த எலும்போடு பூமியில் இறங்கியவன் எழுந்து நிற்க மாட்டான்; கொஞ்ச நாளில் இதயமும் நின்றுவிடும். என்றைக்காவது ஊருக்குத் திரும்பும்போது உடம்பு தயாராக இருக்கட்டும் என்று சுரங்கத்தை நடத்தும் கழகம் காட்டும் அக்கறை இது என்றுதான் லயத்தில் மூன்று தலைமுறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அஞ்சுகத்தின் தாத்தாவை ஐந்து வருட ஒப்பந்தத்தில் இராமநாதபுரத்திலிருந்து கொண்டுவந்தார்கள். செவ்வாயின் ஹெல்லாஸ் பள்ளத்தில் பனிக்கட்டியை வெட்டி எடுக்கும் சுரங்க வேலை. ஐந்து வருடம் பத்தானது, பத்து ஐம்பதானது. இலண்டனில் இருந்த பட்டயக் கழகம் ஐந்து வருடத்துக்கு ஒரு ஆளுநரை அனுப்பிக்கொண்டே இருந்தது. ஆட்கள் அவரைத் துரை என்றார்கள். அந்தச் சொல் எப்படித் திரும்பி வந்தது என்று யாருக்கும் ஞாபகமில்லை.

ஏழு மணிக்கு ஆளுநர் பென்னிங் வருவார். அந்த ஒரு மணி நேரம் ராட்டினம் அவர் ஒருவருக்காகவே சுழலும். அவரும் ஊர் திரும்ப வேண்டியவர்தானே. இங்கே பதவிக்கு வருகிறவர்கள் தமிழ்த் தேர்வு எழுத வேண்டும் என்பதால் அவர் நன்றாகத் தமிழ் பேசுவார், புத்தகத்தில் இருக்கிற தமிழை.

"வணக்கம், அம்மணி. என் எலும்புகளை இன்றும் தங்களிடம் ஒப்படைக்கிறேன்."

நான்கு வருடமாக அதே வாக்கியம். அஞ்சுகமும் தவறாமல் சிரிப்பாள்.

அவளுடைய கணவன் திருமேனி மட்டும் ஆறு வருடமாக ராட்டினத்தில் ஏறவில்லை. சுரங்கத்தின் கூரை சரிந்து அவனுடைய இடுப்பெலும்பு நொறுங்கிவிட்டது. எடையின் கீழ் அவனால் கால் மணி நேரம்கூட உட்கார முடியாது. இப்போது அவன் லயத்திலேயே இருந்து துளைக்கருவிகளின் முனைகளைத் தீட்டிக் கொடுக்கிறான். ராட்டினப் பதிவேட்டில் அவன் பெயருக்கு எதிரே அவளே தினமும் ஒரு சுழி போட்டுக்கொண்டிருந்தாள்.

மேல்தளக் கூரைமாடங்களில் வசித்த குடியேறிகள் பல வருடங்களாக விடுதலை கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வருடம் கழகம் சம்மதித்துவிட்டது. கொடி இறங்கப் போகிறது, குடியரசு வரப் போகிறது என்றதும் லயத்திலும் இனிப்பு கிண்டினார்கள். மூன்றாம் நாள், பிரட்டுக் களத்தில் ஆட்களைப் பெயர் சொல்லி எண்ணும் நேரத்தில், பெரிய திரையில் உடன்படிக்கை ஓடியது.

குடியரசின் காற்றும் நீரும் இத்தனை பேருக்குத்தான் போதும். சுரங்க வேலைக்குத் தானியங்கிகள் வந்துவிட்டன. ஒப்பந்தத் தொழிலாளர்கள் எந்நாளும் இங்கே குடியிருந்தவர்கள் அல்லர்; அவர்கள் நாடு திரும்பத் தக்கவர்களாகவே வைத்திருக்கப்பட்டனர்; எடைப் பதிவேடே அதற்குச் சான்று. பதிவேட்டின்படி தக்கவர் அனைவரும் நாற்பது நாளில் பூமிக்கு அனுப்பப்படுவர். தகாதவர் குடியரசின் காப்பில் இங்கேயே இருப்பர்.

களத்தில் நானூறு பேர் நின்றார்கள். கொஞ்சம் கொஞ்சமாகச் சிலர் திரும்பி அஞ்சுகத்தைப் பார்த்தார்கள். பதினாறு வருடமாக ஒரு நாள் விடாமல் அவர்களுக்கு எதிரே மணிக்கணக்கைக் குறித்து வைத்தவள் அவள்தான். அவளுடைய பெயர் தக்கவர் பட்டியலில் எல்லாருக்கும் மேலே இருந்தது. திருமேனியின் பெயர் மற்றதில்.

அன்று மாலை செங்கமலம் ஓடிவந்தாள். பக்கத்து வீட்டுக்காரி; ஆளுநர் மாளிகையில் எட்டு வருடமாகச் சலவை வேலை. அவளுடைய கணவன் ஐந்து வருடத்துக்கு முன்பு சுரங்கத்திலேயே போய்விட்டான். ஒன்பது வயது மகள் பூவிழிக்குப் பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை. அந்தப் பிள்ளை ராட்டினத்தின் வாசலைக்கூட மிதித்ததில்லை; அவள் பெயரும் தகாதவர் பட்டியலில்தான்.

"அக்கா, தொர இருவத்தஞ்சு பேருக்குக் கருணை குடுத்து இங்கயே இருக்க விடலாமாம். மாளிகையில வேல பாத்தவுங்க பேரத்தான் எழுதிருக்காங்களாம். கொடி எறங்குறவரைக்கும் அவருக்கு அந்த அதிகாரம் இருக்காம். எம் பேரு கடைசில இருக்குக்கா. இருவத்தஞ்சாவது." சொல்லிக்கொண்டே அழுதாள், சிரித்தாள். பிறகு சட்டென்று அஞ்சுகத்தின் முகத்தைப் பார்த்து, "திருமேனி அண்ணனுக்கு என்னாக்கா பண்ணப் போறீங்க?" என்றாள்.

அஞ்சுகம் உள்ளே கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள்.

திருமேனி எல்லாவற்றையும் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தான். செங்கமலம் போன பிறகு சொன்னான், "நீ போயிரு அஞ்சு. ஒனக்கு நல்ல எலும்பு. அங்க போயிப் பொழச்சுக்குவ."

"நான் போயிட்டா ஒங்களக் குளிக்க வைக்கிறது யாரு? தூக்கி உக்கார வைக்கிறது யாரு?"

"குடியரசு பாத்துக்குமாம்ல."

"பாத்துக்குமா?"

அவன் முனை தீட்டும் கல்லை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். தீட்டவில்லை. "பாத்துக்காது" என்றான் கடைசியில்.

மறுநாள் ராட்டினம் நின்றதும் அவள் ஆளுநரிடம் பேச அனுமதி கேட்டாள். பதினொரு மணிக்கு மாளிகைக்கு வரச் சொன்னார்.

அலுவலறையில் பாதிச் சாமான்கள் பெட்டிக்குள் போயிருந்தன. முன்னாள் ஆளுநர்களின் படங்களைச் சுவரிலிருந்து இறக்கித் தரையில் சாய்த்து வைத்திருந்தார்கள். பென்னிங் அவளை உட்காரச் சொன்னார். பதினாறு வருடத்தில் மாளிகை நாற்காலியில் அவள் உட்கார்ந்தது அதுவே முதல் முறை.

"தொர, எங்கள நல்லா வைச்சுக்கத்தான் ராட்டினம்னு சொன்னாங்க. அதையே இப்ப எங்களுக்கு எதிரா எழுதி வைச்சுருக்கீங்களே."

அவர் உடனே மறுக்கவில்லை. "முதல் ஆளுநர் வரலாறு படித்தவர், அம்மணி. பிரித்தானியர் மலைத்தோட்டங்களுக்கு ஆட்களைக் கொண்டுசென்ற காலத்தின் ஒழுங்குவிதிகளை அவர் விரும்பிப் பயின்றார். 'நாடு திரும்பத் தக்கவர்' என்னும் தொடரை அவற்றிலிருந்துதான் எடுத்திருக்க வேண்டும் என்று எண்ணுகிறேன். திரும்பத் தக்கவர் எவரும் குடியாக முடியாது. தங்கள் மக்கள் நலமாக இருக்க வேண்டும் என்பதும் அவருடைய விருப்பம். இரண்டும் ஒரே விதியில் அடங்கின."

"எங்க தாத்தா திரும்பணும்னு கேட்டாராம். கப்பல் இல்லன்னுட்டாங்க."

"அறிவேன். கோப்பில் இருக்கிறது." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இவ்விதியை நான் இயற்றவில்லை. நான்கு ஆண்டுகள் அதைக் காத்துவந்தேன். அவ்வளவே."

அவள் கை கூப்பினாள். கூப்பக் கூடாது என்று வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தவள்தான். "எம் புருசனால எந்திரிச்சு நிக்க முடியாதுங்க. நான் இல்லேன்னா ஒரு மாசம் தாங்க மாட்டாரு. கருணைல எம் பேரையும் சேத்துக்கங்க."

அவர் மேசைத் திரையை அவள் பக்கமாகத் திருப்பினார். இருபத்தைந்து பெயர்கள் இருந்தன.

"இருபத்தாறாவது பெயருக்கு உடன்படிக்கையில் இடமில்லை. பணிக்காலத்தின்படி என் செயலர் தயாரித்த பட்டியல் இது. ஒருவரை நீக்கினால் ஒருவரைச் சேர்க்கலாம்." ஒளிப்பேனாவின் முனை பட்டியலின் அடியில் வந்து நின்றது. "செங்கமலம். சலவைப் பிரிவு. இவரைத் தாங்கள் அறிவீர்களா?"

"தெரியுங்க."

"இவர் இங்கே தங்கியாக வேண்டிய காரணம் எதுவும் உண்டா? என் கோப்பில் ஒன்றும் இல்லை."

அஞ்சுகத்துக்குப் பூவிழியின் முகம் நினைவுக்கு வந்தது. கொஞ்ச தூரம் நடந்தாலே நீலம் பாயும் அந்த உதடு. திருமேனியைத் தூக்கும்போது அவன் பல்லைக் கடிக்கும் சத்தமும் நினைவுக்கு வந்தது. வாயைத் திறந்தாள். ஆளுநர் பொறுமையாகக் காத்திருந்தார். அவர் எப்போதும் பொறுமைசாலிதான்.

"எனக்குத் தெரியலைங்க" என்றாள்.

ஒளிப்பேனா ஒரு கோடு போட்டது.

"பெரிதாக நன்றி சொல்ல வேண்டா" என்றார் அவர், அவள் நன்றி சொல்வதற்கு முன்பே. "என் எலும்புகள் தங்களுக்குக் கடன்பட்டவை."

புறப்பாட்டு நாளன்று கொடி காலையிலேயே இறங்கிவிட்டது. கப்பல்மேடையில் கடைசிப் பிரட்டு நடந்தது. பழைய கழகச் சீருடை, கையில் குடியரசின் புதுப் பட்டை; அப்படி ஒருவன் பெயர்களைப் படித்தான். ஆளுநர் மேல்தட்டு வாசல் வழியாக முன்னமே ஏறிவிட்டார் என்றார்கள். கருணை பெற்றவர்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றார்கள். செங்கமலமும் பூவிழியின் கையைப் பிடித்தபடி அவர்களோடுதான் நின்றாள். பட்டியலின் மாறிய படி அன்று காலைதான் மேடைக்கு வந்திருந்தது.

அவளுடைய பெயரைப் படித்தபோது அவள் நகரவில்லை. இரண்டாம் முறை படித்தார்கள். "எம் பேரு கருணைல இருக்குங்க" என்றாள். அவன் திரையைப் பார்த்து இல்லையென்று தலையை ஆட்டினான். இரண்டு காவலர்கள் கயிற்றைத் தாண்டி வந்தார்கள்.

அப்போது அவள் கூட்டத்தில் அஞ்சுகத்தைக் கண்டுபிடித்தாள். "அக்கா! ஒங்களுக்குத் தொரையத் தெரியும்ல! ஒங்களயும் அவருதான இருக்க விட்டாரு! ஏதோ தப்பு நடந்துருக்குக்கா. ஒரு வார்த்த சொல்லுங்கக்கா, ஒங்க சொல்லக் கேப்பாரு!"

"சொல்றேன்" என்றாள் அஞ்சுகம். அவளுடைய வாயிலிருந்துதான் அது வந்தது. "நான் சொல்றேன், நீ பயப்படாத."

"அதுவரைக்கும் இவளப் பாத்துக்கங்கக்கா. மருந்து காலைல ஒண்ணு, ராத்திரிக்கு ஒண்ணு. வெறும் வயித்துல குடுத்துராதீங்க."

பிள்ளையின் கையை அஞ்சுகத்தின் கையில் வைத்தாள். காவலர்கள் அவளை இழுத்துக்கொண்டு போகவில்லை; அவளே வேகமாக நடந்தாள், பிள்ளை பயந்துவிடக் கூடாது என்று. கதவுக்குள் போகும்வரை திரும்பித் திரும்பிச் சிரித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் பூவிழி அழுது களைத்து உறங்கிவிட்டாள். திருமேனி அந்தப் பிள்ளையைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். அவளுக்கு எப்படிக் கருணை கிடைத்தது என்று இதுவரை அவன் கேட்டதில்லை. இப்போது கேட்டான்.

"யாரோட எடம் அது?"

அவள் சொன்னாள். அறையில் நடந்தது முழுவதையும், ஆளுநர் கேட்ட கேள்வியையும், தான் சொன்ன பதிலையும் ஒன்றும் விடாமல் சொன்னாள். அவன் திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் சுவரைப் பிடித்து, வலியைப் பொறுத்துக்கொண்டு, ஆறு வருடத்தில் முதல் முறையாகத் தானாகக் கட்டிலிலிருந்து இறங்கினான். படுக்கை விரிப்பை எடுத்துப் பிள்ளையின் மேல் போர்த்திவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துகொண்டான். அன்றிலிருந்து தன்னைத் தூக்கிவிட அவளைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டான். அவள் வந்து தூக்கினால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ராட்டினத்தைக் குடியரசு பிரித்துப் பழைய இரும்பாக்கிவிட்டது. அஞ்சுகத்துக்கு நீர்த்தொட்டி கழுவும் வேலை கிடைத்தது. காப்பில் இருப்பவர்களுக்கு வாக்கு இல்லை, மேல்தளத்துக்குப் போக அனுமதியில்லை. மேல்தளத்தில் புதுத் தலைவர் ஆளுநர் மாளிகையிலேயே குடியேறியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் பூமியிலிருந்து செங்கமலத்தின் ஒலிச்செய்தி வரும். ஒரு கடற்கரை முகாமில் இருந்தாள். அங்கேயும் அவர்களை வெளியாட்கள் என்றுதான் எழுதி வைத்திருக்கிறார்களாம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை தங்கும் சீட்டைப் புதுப்பிக்க வேண்டுமாம். மகளிடம் பேசி முடித்ததும் கடைசியில் எப்போதும் அஞ்சுகத்துக்கென்று கொஞ்சம் பேசுவாள். "ஒங்களுக்கு நான் என்னா கைம்மாறு செய்யப் போறேன்னு தெரியலக்கா. நீங்க இருக்கீங்கன்னுதான் நான் இங்க உசுரோட இருக்கேன்." அந்த இடம் வரும்போது திருமேனி மெல்ல எழுந்து, சுவரைப் பிடித்தபடி அடுப்படிக்குப் போய்விடுவான்.

இரண்டாம் வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, செய்தி முடிந்த பிறகு, அஞ்சுகம் பூவிழிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். பிள்ளைக்கு இப்போது பதினொரு வயது.

"பெரியம்மா, அம்மா பேரு மொதல்ல கருணைல இருந்துச்சாம்ல. அப்பறம் அடிச்சுட்டாங்களாம். யாரு அடிச்சது?"

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது.

"தொரதான்" என்றாள் அஞ்சுகம்.

"ஏன் அடிச்சாரு?"

"அவருக்கு அம்மாவத் தெரியாது. ஒன்னையும் தெரியாது. அவருக்கு அது ஒரு பேரு, அவ்வளவுதான்."

பூவிழி பின்னல் இழுபடத் தலையைத் திருப்பினாள்.

"தெரிஞ்சவுங்க யாருமே சொல்லலையா?"

அஞ்சுகத்தின் விரல்கள் பாதிப் பின்னலில் நின்றன. பின்னிய வரைக்கும் அவிழ்த்துவிட்டு, சீப்பை எடுத்து, அவள் மறுபடியும் வகிடெடுக்கத் தொடங்கினாள்.