நடுவில் கொஞ்சம் வெள்ளை

சாணி உருண்டை கூரையில் நிற்கவில்லை.

மோனிஷாவுக்கு முதல் பல் விழுந்த சாயங்காலம் அது. விழுந்த பல்லைச் சாணிக்குள் பொதிந்து கூரைமேல் எறிந்தால் புதுப்பல் வரிசையாக முளைக்கும் என்பது நம்பிக்கை. தேன்மொழி மகளைத் தூக்கிப் பிடிக்க, மோனிஷா தன் பலத்தையெல்லாம் கூட்டி எறிந்தாள். தகரத்தில் தொப்பென்று விழுந்தது. ஈரச் சாணி அங்கேயே ஒட்டிக்கொள்ள வேண்டும். ஆனால் சற்றுப் பொறுத்து, மேலே ஏதோ உருண்டு வரும் சத்தம் கேட்டது, அவசரமில்லாமல், நின்று நின்று, வழியை யோசித்து வருவதுபோல. பிறகு கூரை விளிம்பிலிருந்து நேராக வாசலோரத்து டேலியாப் பூந்தொட்டிக்குள் விழுந்தது. சாணி இல்லை. வெறும் பல்.

மறுபடியும் பொதிந்து எறிந்தார்கள். மறுபடியும் அதே தொட்டி.

“அதுக்கு அங்கதான் இருக்கோணுமாம், அம்மா,” என்றாள் மோனிஷா.

தேன்மொழிக்குச் சிரிப்பு வந்தது. தூறல் வேறு ஆரம்பித்திருந்தது. பல்லை விரலால் மண்ணுக்குள் அழுத்திவிட்டு, “சரி சாமி, அங்கயே இருந்துட்டுப் போகட்டும்,” என்று மகளின் பொக்கை வாயில் ஒரு முத்தம் வைத்தாள்.

மலைமேல் வாழவந்தி நாடு என்ற ஊர்ப்பகுதியில் அவர்கள் வாடகைக்கு இருந்த அந்த வீட்டைச் சுற்றி எங்கும் டேலியாதான். கணவன் அசோக் மிளகு லோடு ஏற்றிக்கொண்டு லாரியில் கிளம்பினால் திரும்பி வர ஒரு வாரம் ஆகிவிடும். அவனில்லாத நாட்களை நகர்த்துவதற்காகத்தான் தேன்மொழி செடி வைக்க ஆரம்பித்தாள். வேலியோரத்துக்குச் சிவப்பும் மஞ்சளும், தொட்டிக்குக் குட்டை ரகம், பொக்கே கட்டுவதற்கு நீளக் காம்பு. கறுப்பு மட்டும் தனி. திண்ணனூர் நாட்டில் ஆளில்லாமல் கிடந்த ஒரு வீட்டின் முற்றத்திலிருந்து அந்தக் கிழங்கை அவளேதான் தோண்டி எடுத்து வந்தாள். கொத்தைக் கழுவியபோது கிழங்குகளின் இடுக்கில் அரிசி போலச் சின்னச் சின்ன வெள்ளைக் கற்கள் சிக்கியிருந்தன. நெம்பி எடுத்து எறிந்துவிட்டுத்தான் வாசலோரத் தொட்டியில் நட்டாள்.

பக்க மொட்டுகளைக் கிள்ளிவிட்டு, காம்புக்கு ஒரு மொட்டு என்று நிறுத்தினால்தான் பூ பெரிதாக வரும். கார்த்திகைக் குளிரில் முதல் மொட்டு விரிந்தபோது அவள் காபியை மறந்து நின்றாள். கனிந்த நாவல்பழத் தோலின் நிறம், வெயில் பட்ட இடத்தில் மட்டும் அடியாழத்தில் ஒரு சிவப்பு, அடுக்கடுக்காக இறுகிய இதழ்கள். நட்ட நடுவில் ஒரே ஒரு வெள்ளை இதழ். குட்டையாக, தடிப்பாக, லேசான பளபளப்போடு.

அதைச் சோளக்காட்டுச் சந்தையில் பார்த்த முரளி கையிலிருந்து கீழே வைக்கவே இல்லை. நாமக்கல்லில் கல்யாண மேடை அலங்காரம் செய்கிறவன் அவன்.

“அக்கா, இது என்ன ரகங்க? இப்படி நான் பாத்ததே இல்லீங்க. தை மாசம் ஒரு பெரிய கல்யாணம் இருக்குது. இதே மாதிரி நடுவுல கொஞ்சம் வெள்ளையா எத்தனை வந்தாலும் நான் எடுத்துக்கறனுங்க.”

“பாக்கலாங்க,” என்றாள் தேன்மொழி. பஸ்ஸில் வீடு திரும்பும் வழியெல்லாம் அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது.

அந்த வாரமே மோனிஷாவின் அடுத்த பல் ஆடியது. விழுந்ததும் தேன்மொழி சாணியைத் தேடவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு நேராகத் தொட்டிக்குப் போனாள். அந்தப் பல்லையும் மண்ணுக்குள் அழுத்தினாள்.

அடுத்து விரிந்த பூவில் இரண்டு வெள்ளை.

கறிவேப்பிலை கேட்டு வந்த பக்கத்து வீட்டுப் பாப்பாத்தி தொட்டி முன்னால் நின்றுவிட்டாள். “ஏ தேனு, இந்தப் பூவு என்னமோ பல்லைக் காட்டிச் சிரிக்கற மாதிரியே இருக்குதே! ஊட்டுக்காரனை நெனச்சுக்கிட்டே தண்ணி ஊத்துனயாக்கும்?”

“போங்கக்கா!”

சிரித்துக்கொண்டே பாப்பாத்தி இதழைத் தொட்டாள். சிரிப்பு அப்படியே நின்றது. விரலை முந்தானையில் துடைத்தாள். இன்னொரு முறையும் துடைத்தாள்.

“சூடா இருக்குது கண்ணு. ஈரமா இருக்குது. ஒரு வண்டுகூட இதும்பக்கம் வரக் காணமே?” என்றவள், வந்த காரியத்தை மறந்து போய்விட்டாள்.

அன்று அந்தியில் மலை முழுவதையும் மூடுபனி விழுங்கிக்கொண்டது. அடுப்பில் பருப்பு கொதிக்கும் சத்தத்துக்கு நடுவே கூரையில் ஒரு சத்தம் கேட்டது. டொக். பிறகு உருளும் ஓசை, நின்று, யோசித்து, மறுபடி உருண்டு. தேன்மொழி டார்ச்சோடு வெளியே ஓடினாள். தொட்டி மண்ணில் ஒரு சின்னக் குழி அப்போதுதான் மூடிக்கொண்டிருந்தது.

“வாயைத் தொற, சாமி.”

மோனிஷா கையால் வாயைப் பொத்தினாள். தேன்மொழி அந்தக் கையை விலக்கினாள். மேல் வரிசையில் ஒரு பல் இல்லை. காலையில் பல் விளக்கிவிடும்போது உறுதியாக இருந்த பல். ரத்தம் ஒரு சொட்டுகூட இல்லை. ஈறு, கையால் தடவி மூடிய மண் போல வழவழவென்றிருந்தது.

“எங்கே போட்டே?”

“நான் போடல. அது கூப்புட்டுச்சு. போயிருச்சு.”

போனில் அசோக் சிரித்தான். “பல்லு விழுகாத பிள்ளை எங்க இருக்குது? நாளைக்கு வாரேன். தேங்காய் பன்னு வாங்கியாரேன், கடிக்கறதுக்குப் பல்லு மிச்சம் வெக்கச் சொல்லு.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பூவுக்காக மகளின் பல்லைத் தன் கையால் கொண்டுபோய்ப் புதைத்தது அவள்தான்.

மறுநாள் விளக்கு வைக்கும் நேரம் கரண்ட் போனது. அசோக்கின் லாரி இன்னும் மலையேறவில்லை. மோனிஷா பகல் முழுவதும் ஒரு வார்த்தை பேசவில்லை, சோறு வேண்டாமென்று உதடுகளை இறுக்கிக்கொண்டாள். இதற்கு மேல் பொறுக்க முடியாது. களைக்கொத்தை எடுத்துக்கொண்டு தேன்மொழி வாசலுக்கு வந்தாள். பனிக்குள் செடிகள் தெரியவில்லை. வாசனை மட்டும் வந்தது. டேலியாவுக்கு வாசனை கிடையாது. இது தூங்கி எழுந்த குழந்தையின் வாய் வாசனை.

தொட்டியைக் கவிழ்த்தாள். மண் உதிர்ந்தது. டார்ச்சை அடித்தாள்.

கிழங்குகள் இளஞ்சிவப்பாக, கொழகொழவென்று இருந்தன. அவற்றில் பற்கள் பதிந்திருந்தன. வரிசையாக. புதைத்ததைவிட அதிகமாக.

பல் ஒன்றைப் பிடித்து இழுத்தாள்.

“அம்மா! வலிக்குது!”

வீட்டுக்குள்ளிருந்து அலறல். கையை எடுத்தாள். அலறல் நின்றது.

மறுபடி தொட்டாள். மெல்ல.

“அம்மா...”

எடுத்துவிட்டாள். பிடுங்கவும் முடியாது. விடவும் முடியாது.

கூரையில், டொக்.

இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. மழை போல. மழை இல்லை. உருண்டன. எல்லாம் ஒரே பக்கமாக. அவள் காலடிக்கு. கவிழ்ந்த மண்ணுக்குள்.

பிறகு நிசப்தம்.

“மோனி!” வீட்டை நோக்கித் திரும்பினாள்.

நிலைப்படியில் மோனிஷா நின்றிருந்தாள். கைகளைத் தொங்கப் போட்டுக்கொண்டு. கன்னங்கள் உப்பியிருந்தன.

“கண்ணு... வாயைத் தொற, சாமி.”

உதடுகள் பிரிந்தன. டார்ச் வெளிச்சத்தில் முதலில் கறுப்பு. அப்புறம் அடியாழத்தில் சிவப்பு. ஈறிலிருந்து முளைத்து, வரிசை வரிசையாக, ஈரத்தோடு, ஒவ்வோர் இதழாக விரிந்துகொண்டிருந்தது.

“அம்மா,” என்று மோனிஷாவின் குரல் கூப்பிட்டது, தேன்மொழியின் முதுகுக்குப் பின்னால், மண்ணிலிருந்து.