கலவன்

அந்த வயலில் களை இல்லை. கொக்கு இல்லை. வரப்பு ஓரத்தில் ஒரு அருகம்புல்கூட இல்லை.

ஆய்வாளர் லூர்துராஜ் வரப்பில் குனிந்து, வேறு ரக நாற்று ஒன்று இருந்த மண்தொட்டியை முதல் வரிசைப் பயிர்களுக்கு நடுவே வைத்தார்.

"பாத்துட்டே இருங்க சார்," என்றாள் டாக்டர் பூங்கோதை.

காற்றே இல்லை. ஆனாலும் சுற்றியிருந்த நெற்பயிர்கள் தொட்டிப் பக்கம் சாய்ந்தன. நாற்றின் நுனி மஞ்சளானது. லூர்துராஜ் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வதற்குள் அது கருகிச் சரிந்தது.

"யப்பா!"

"இலை ஒரு வாசனைய விட்டு 'நீ நம்மாளா?'ன்னு கேக்கும். நம்மாளா இருந்தா அதே வாசனை திரும்பி வரும். வரலைன்னா நச்சுக்காத்து. இப்ப பாத்தது கொஞ்சம்தான். பூ விரியட்டும், வீரியம் நூறு மடங்கு!"

ரகத்தின் பெயர் 'காவலன்'. பூங்கோதை முன்பு உருவாக்கிய இரண்டு ரகங்களைத் திருடி, வேறு விதையோடு கலந்து, விதை வியாபாரிகள் வேறு பெயரில் விற்றார்கள். கோர்ட் படியேறி அலுத்துப்போனவள், மூன்றாவது முறை வழக்கைப் பயிரிடமே ஒப்படைத்துவிட்டாள்.

"அக்கம்பக்கத்து வயல்?"

"கருகிடுச்சு. அவங்களும் காவலனே நட்டுட்டாங்க. வேற வழி?" சிரித்தாள். "இப்ப மாவட்டம் பூரா இதுதான்."

பயிருரிமை வாரியத்தின் கடைசிச் சோதனை இன்று. பூ விரியும் வேளையில், ஆய்வாளரோடு ரகத்தை உருவாக்கியவரும் வயலுக்குள் இறங்கி நடக்க வேண்டும் என்பது விதி. ஒரே ரகம் நட்ட வயலில் தப்பி நிற்கும் வேற்றுச் செடிக்குக் கலவன் என்று பெயர். ஒரே ஒரு கலவன் அகப்பட்டாலும் விண்ணப்பம் தள்ளுபடி. அவள் இளமையைக் கொட்டிய உழைப்பெல்லாம் அதோடு போச்சு.

மருதாயி தூக்குவாளியோடு வந்தாள். வயல் மேற்பார்வை அவள் பொறுப்பு. காவலன் அரிசியின் பழைய சோறும் சின்ன வெங்காயமும். மூன்று நாளாக இதே சாப்பாட்டுக்கு அடிமையாகியிருந்த லூர்துராஜ் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

பூங்கோதை தன் டப்பாவைத் திறந்தாள். சப்பாத்தி.

"பெத்தவளே புள்ள வூட்டுல கை நனைக்க மாட்டேங்குது, பாத்தீங்களா சார்?" என்றாள் மருதாயி.

"சுகர்டி மருதாயி. சோத்தைத் தொட்டு வருஷமாச்சு."

"நாங்க தின்னு தின்னு வேர்வையே கதிர் வாசம் அடிக்குது. எம்புருசன் என்னைய மோந்து பாத்துட்டு, வெளைஞ்சிட்டியாடீங்கறான்!"

லூர்துராஜுக்குப் புரையேறியது.

வெயில் ஏறியது. கதிர்களில் பூ விரிந்தது. மூவரும் இறங்கினார்கள். பூங்கோதைக்கு இதுதான் முதல் தடவை. இதுவரை வரப்போடு சரி; உள்வயலை ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து, பறக்கும் கேமரா வழியாகத்தான் பார்த்திருக்கிறாள்.

லூர்துராஜின் கையில் ஒருமைமானி. பயிர்கள் வாசனையால் பேசிக்கொள்வதை எழுத்தாக்கிக் காட்டும் கருவி. நடு வயல் வரை அமைதியாக இருந்தது, திடீரென்று கீச்சிட்டது.

*கலவன்: ஒன்று.*

பூங்கோதையின் முகம் வெளுத்தது. "இருக்கவே முடியாது! எந்தப் பக்கம்?"

"இடது... இருங்க, வலது. நகருதுங்க."

"செடி எப்படி சார் நகரும்?" இருமினாள். "காட்டுங்க, நானே பிடுங்கிடறேன்."

பாத்தி பாத்தியாக ஓடினாள். குனிந்து தாள்களை விலக்கினாள். அவள் போன திசையெல்லாம் கருவியின் முள் போனது. கதிர்களும் திரும்பின. ஆயிரமாயிரம் கதிர்கள், சத்தமில்லாமல்.

லூர்துராஜ் கருவியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"மேடம்! வெளிய வந்துருங்க! கலவன் செடியில்ல, நீங்க! உங்களைத்தான் கேக்குது!"

"ஒளறாதீங்க!" மறுபடி இருமல். உதடு நீலம் பாரித்திருந்தது. "நான்... நான் உண்டாக்கினது அது! என்னைப் போயி... பிடுங்காம வரமாட்டேன்!"

"டாக்டரம்மா, ஓடியாங்க!" மருதாயி சேற்றை மிதித்துக்கொண்டு பாய்ந்தாள். பயிர்கள் அவளுக்கு வழிவிட்டன.

அவள் போய்ச் சேர்ந்தபோது பூங்கோதை முகம் குப்புறக் கிடந்தாள். விரல்களுக்குள் ஒரு பிடி நெற்பயிர், வேரோடு.

இருவருமாக வரப்புக்கு இழுத்து வந்தார்கள். மூச்சு இல்லை.

கதிர்கள் நிமிர்ந்தன. கருவி மெல்லக் கீச்சிட்டு ஓய்ந்தது.

*கலவன்: இல்லை. ரகம் தேர்ச்சி.*

லூர்துராஜ் தன் முழங்கையை மோந்து பார்த்தார். கதிர் வாசம்.

"மருதாயி... சாப்பிடறத நிறுத்திட்டா, இந்த வாசம் எத்தனை நாள் நிக்கும்?"

"நாங்க யாரும் நிறுத்திப் பாத்ததில்லையே சார்."

அவர் நிமிர்ந்தார். அடிவானம் வரை காவலன். சாலையின் இரு பக்கமும் காவலன். பேருந்து நிறுத்தம் வரை, அதைத் தாண்டி அவர் வீட்டுக் கொல்லைப்புறத்தை ஒட்டி இந்தப் போகம் புதிதாக நட்ட வயல் வரை, எல்லாமே பூ விடும் பருவத்தில். வீட்டில் மனைவி இட்லிக்கு ஊறப்போடுவது கடை அரிசி, வெளிமாநிலச் சரக்கு.

கைபேசியில் வீட்டு எண்ணை அழுத்தினார். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

மருதாயி களத்துக்குப் போய் ஒரு மூட்டையை முதுகில் தூக்கி வந்து அவர் காலடியில் இறக்கினாள்.

"போன் அப்பறம் பண்ணலாம் சார். மொதல்ல அரிசிய எடுத்துட்டு ஓடுங்க."