ஈரம் தங்காத அறை

பங்களா வாசலில் குடத்தை இறக்கி வைத்தபோது பொன்னுவேலுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. தை மாதத்துக் கொடைக்கானலில் குழாய்த் தண்ணீர் பனியில் உறைந்து கிடக்கும். பள்ளத்து ஊற்றில் முகந்து மேடேறித்தான் கொண்டுவர வேண்டும். அதுவும் யாருக்கு? ஒரு பச்சோந்திக்கு.

பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுத்த கிரேஸ் மிஸ்ஸியம்மா, பழனி அடிவாரத்தில் கிடைத்த அந்தப் பிராணியைப் பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்தார். கண் ஆபரேஷனுக்கு மதுரை போகும்போது அதைப் பங்களாவில் வேலை பார்த்த பொன்னுவேலிடம் ஒப்படைத்தார்.

"அது கிண்ணத்திலே தண்ணி குடிக்காது, பொன்னுவேல். இலையிலே சொட்டு நிக்கணும், அதைத்தான் நக்கும். கணப்பும் எரியணும், காத்திலே ஈரமும் இருக்கணும். இந்த முள் பாதிக்குக் கீழே போனா, செத்துப்போகும்."

காற்றின் ஈரத்தைக் காட்டும் வட்டமான கருவி ஒன்று சுவரில் தொங்கியது.

வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைதான். வில்பட்டியில் அவன் மனைவி ராக்காயிக்குத் தலைப்பிள்ளை பிறந்திருந்தது. கோயில் கோயிலாக ஏறி இறங்கிப் பெற்ற பிள்ளை. அதன் முகத்தை அவன் இன்னும் பார்க்கவில்லை. பச்சோந்தியை உயிரோடு மிஸ்ஸியம்மா கையில் கொடுக்காமல் அவன் நகர முடியாது. கணப்பை மூட்டினால் ஈரம் போகும், அணைத்தால் குளிரில் விறைத்துவிடும். விறகு, குடம், மறுபடி விறகு என்றே அவன் பொழுது தேய்ந்தது.

தை அமாவாசையன்று தண்ணீர் தெளிக்கிற பம்ப் உடைந்தது. பொன்னுவேல் கையில் நீரை அள்ளி, கூண்டுச் செடியின் இலைகள்மேல் கட்டைவிரல் ஓரமாக வழியவிட்டான். செத்துப்போன அப்பனுக்கு இன்றைக்குத் தண்ணீர் இறைக்கக்கூட நேரமில்லையே என்று நினைத்துக்கொண்டான். அலுப்பில், யாருக்கு என்று யோசிக்காமல் வாய் சொன்னது: "குடிச்சுக்க சாமி. தாகம் தீரக் குடிச்சுக்க."

பச்சோந்தி அசையவில்லை.

இலையில் நின்ற சொட்டுகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின.

ஒன்றும் கீழே விழவில்லை. யாரோ உதடு வைத்து உறிஞ்சுகிற சன்னமான சத்தம் மட்டும் கேட்டது. அறையில் பழைய மருந்து நெடி பரவியது.

அதற்குப் பிறகு அந்த அறையில் ஈரம் தங்கவே இல்லை. கோணிச்சாக்கை நனைத்துக் கூண்டைச் சுற்றிக் கட்டினான். விறகு எடுத்துத் திரும்புவதற்குள் அது அப்பளமாகக் காய்ந்திருந்தது. ஜன்னலைத் திறந்தான். உள்ளே நுழைந்த மூடுபனி நுழைந்த இடத்திலேயே மறைந்தது. முள் இறங்கிக்கொண்டே போயிற்று. பச்சோந்தியின் கண்கள் குழிவிழுந்து, உடம்பு சாம்பல் பூத்துப்போனது. அவனுக்கு அழுகை வந்தது. அழக்கூடத் தெம்பில்லை.

பால் ஊற்ற வந்த காளியாயி படியேறாமல் நின்றே எல்லாவற்றையும் கேட்டாள்.

"ஏலே, அந்த ரூம்புலயா? அங்கனதான முன்னால எஸ்டேட்டுத் தொரை ஒருத்தன் செத்தான். வயித்துல நீர் கோத்துக் கெடந்தான். சொட்டுத் தண்ணி குடுக்கக் கூடாதுன்னு வைத்தியம். தண்ணி தண்ணின்னு கதறியே போய்ச் சேந்தான்."

"அதுக்கு நான் என்னக்கா செஞ்சேன்?"

"அமாவாசையும் அதுவுமா, பேர் சொல்லாமக் கையால தண்ணி விட்டிருக்க. பேர் சொன்னாத்தான உரியவனுக்குப் போகும்? சொல்லாட்டி, எவன் தாகத்தோட நிக்கிறானோ அவன் குடிப்பான்." அவள் குரல் தணிந்தது. "அதுக்குன்னு தனியா வையி. பங்குக்கு வராம இருக்கும். வெரசாப் போ."

பொழுது சாயும் நேரம் பொன்னுவேல் அறை மூலையில் ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் வைத்தான்.

"இது உனக்கு," என்று கிசுகிசுத்தான். "அந்த வாயில்லாச் சீவன விட்டுரு. நான் எம்புள்ளயப் பாக்கணும்."

மடக்.

மடக். மடக்.

சொம்பு காலி.

மறுபடி நிரப்பினான். மறுபடியும் காலி. விடியும்போது முள் மேலே ஏறியிருந்தது. இலையில் சொட்டுகள் நின்றன. பச்சோந்தி ஒரு கண்ணை உருட்டி, நாக்கை நீட்டி நக்கியது. பொன்னுவேல் கணப்பருகே உட்கார்ந்தபடியே தூங்கிப்போனான். அதிலிருந்து தினமும் இரண்டு வாய்க்குத் தண்ணீர் சுமந்தான். ஒன்று கண்ணுக்குத் தெரிந்த வாய்.

மிஸ்ஸியம்மா வந்தார். பச்சைப்பசேலென்று கிளையில் இருந்ததைப் பார்த்து, "நல்லா வச்சிருக்கே. போ, உன் பிள்ளையைப் பார்," என்றார். அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. கிளம்பும் முன் மூலையை எட்டிப் பார்த்தான். காலையில் வைத்த தண்ணீர் சொம்பில் தளும்ப அப்படியே இருந்தது. தொலைந்தது சனியன் என்று நினைத்துக்கொண்டான்.

வில்பட்டிக்கு இறங்கும் பாதை முழுக்க அவனுக்கு நாக்கு வறண்டது. ஓடி வந்த களைப்பு என்று சமாதானம் சொல்லிக்கொண்டான். வீட்டுக்குள் ராக்காயி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வந்துட்டீங்களா? பாருங்க, உங்க மூக்கு அப்படியே உரிச்சு வச்சிருக்கு."

குனிந்து பார்த்தான். பட்ட பாடெல்லாம் அந்த ஒரு நொடியில் தீர்ந்து போயிற்று. உள்ளங்கை அளவு முகம். அதை வாழ்நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது.

பால் குடித்துக்கொண்டிருந்த பிள்ளை சட்டென்று வாயை விலக்கி வீறிட்டது.

ராக்காயி மறுபக்கம் மாற்றிக் கொடுத்தாள். அதிலும் பால் இல்லை.

"இப்பத்தானங்க பால் கட்டிக்கிட்டு நெஞ்செல்லாம் வலிச்சுச்சு. நீங்க உள்ள வந்த பெறகு ஒரு சொட்டுக்கூட வரலையே. என்னங்க இது?"

பிள்ளை பசியில் கதறிக்கொண்டே இருந்தது. அவனுக்குப் பின்னால், விளக்கு எட்டாத சுவரோரத்தில், வயிறு நிறையக் குடித்தவன் விடுகிற ஏப்பம் ஒன்று நிதானமாகக் கேட்டது.