மீன்கொத்தி சொன்ன தூரம்

பம்பரத்துக்கு ஓர் இடத்தில் கால் தரிக்காது. சாப்பிடும்போது ஆடும். படிக்கும்போது ஆடும். தூக்கத்தில்கூடப் போர்வைக்குள் ஆடும். அதனால்தான் குடியிருப்பில் எல்லோரும் அவளைப் பம்பரம் என்றே கூப்பிட்டார்கள். அவளுக்கும் அந்தப் பெயர் பிடித்திருந்தது.

இன்றைக்கு ஆடியது கால் மட்டுமல்ல. கை, கண், மனசு எல்லாமே ஆடிக்கொண்டிருந்தன.

சனிக்கிழமை சாயங்காலம். கேமரா சாமான்களை வாடகைக்கு விடும் கடை. மேசைமேல் மூன்று லென்ஸ்கள் வரிசையாக நின்றன. அவற்றின் முன்னால் தாடையைத் தடவியபடி அப்பா நின்றார்.

"அப்பா, சீக்கிரம்ப்பா."

"இரும்மா. யோசிக்கிறேன்ல."

"அதான் பயமா இருக்கு."

அப்பா யோசிப்பது ஊரறிந்த சங்கதி. அச்சகத்தில் பிழை திருத்துவது அவர் வேலை. எதையும் மூன்று தடவை பார்க்காமல் விடமாட்டார். ஒருமுறை குடை வாங்கப் போனார். கறுப்பா, நீலமா, நீளமா, மடக்கா என்று யோசித்து முடிப்பதற்குள் மழையே விட்டுவிட்டது. "இனி எதுக்குக் குடை?" என்று வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

ஆனால் இப்போது அப்படித் திரும்பி வந்தால் ஆபத்து. குடியிருப்புக்குப் பின்னால் ஒரு சின்னக் குளம் இருக்கிறது. அதன் மண்கரையில் ஒரு வளை. அந்த வளைக்குள் மீன்கொத்திக் குஞ்சுகள். திங்கட்கிழமை காலையில் கரையைச் சுரண்டிச் சரிசெய்ய மண்வெட்டும் இயந்திரம் வரப்போகிறது.

செய்தி கேட்ட உடனே பம்பரம் செயலாளர் மாமாவிடம் ஓடியிருந்தாள். குடியிருப்புக்கு எல்லாமே அவர்தான். தண்ணீர் வராவிட்டாலும் அவர், விளக்கு எரியாவிட்டாலும் அவர்.

"மாமா, அங்க மீன்கொத்தி கூடு இருக்கு. இயந்திரத்தை நிறுத்துங்க."

"நானும் போய்ப் பாத்தேன் பாப்பா. வளைக்குப் பக்கத்துலயே பத்து நிமிஷம் நின்னேன். ஈ காக்கா வரலை. அது எலி வளை."

அம்மாவின் கைபேசியில் எடுத்த படத்தைக் காட்டினாள். அவர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார், இறக்கிப் பார்த்தார்.

"இதுல நீலமா ஒரு புள்ளி இருக்கு. அது பறவையா, பாட்டில் மூடியா? அந்த இயந்திரத்தைப் பிடிக்க நான் எத்தனை நாள் அலைஞ்சேன் தெரியுமா? ஞாயித்துக்கிழமை மதியம் எல்லாரும் கூடுறோம். அதுக்குள்ள ஒழுங்கா ஒரு படம் கொண்டு வா. பாப்போம்."

அப்பாவிடம் பழைய கேமரா ஒன்று இருந்தது. ஆனால் தூரத்தில் இருப்பதைக் கிட்டே காட்டும் லென்ஸ் இல்லை. அதைத் தேடித்தான் இந்தக் கடைக்கு வந்திருந்தார்கள்.

"அண்ணே, கடை சாத்துற நேரம்" என்றாள் கடைக்கார அக்கா. ரப்பர் பந்தை அழுத்தி, ஒரு லென்ஸின் மேலிருந்த தூசியைப் புஸ் புஸ் என்று ஊதினாள்.

"ரெண்டு நிமிஷம்மா" என்றார் அப்பா.

"இதையேதான் அப்பவும் சொன்னீங்க."

மூன்றில் முதலாவது முந்நூறு வரை போகும். சின்னது, பஞ்சு மாதிரி கனமில்லாதது. இரண்டாவது நூறிலிருந்து நானூறு வரை நீளும் ஜூம். மூன்றாவது அறுநூறு. பீரங்கி போல இருந்தது. எண் கூடக் கூட, தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும் என்று அக்கா சொன்னாள்.

"அப்போ அறுநூறுதான் நல்லது" என்றார் அப்பா. பம்பரம் மூச்சு விடுவதற்குள், "ஆனா முந்நூறு கைக்கு அடக்கமா இருக்கு" என்றார். பிறகு, "நானூறையும் தள்ள முடியலை" என்றார்.

பம்பரத்தின் கால் மேசைக்காலைத் தட்டியது. மூன்று லென்ஸும் லேசாக அதிர்ந்தன.

"கண்ணு, காலை அடக்கு" என்றாள் அக்கா. "ஒண்ணு விழுந்தா உங்கப்பா யோசிக்க வேண்டியது குறையும். எனக்குத்தான் கூடும்."

பம்பரம் காலை அடக்க, கையைப் பைக்குள் விட்டுக்கொண்டாள். விரலில் ஒரு நூல்கண்டு தட்டுப்பட்டது.

அந்த நூல்கண்டுக்கு ஒரு கதை உண்டு. வளையைக் கண்டுபிடித்த அன்றைக்கு அவள் அதற்கு ரொம்பக் கிட்டே போய்விட்டாள். அலகில் மீனோடு வந்த மீன்கொத்தி கிளையில் உட்கார்ந்து கத்து கத்து என்று கத்தியது. வளைக்குள் போகவே இல்லை. அவள் பின்னால் நகர்ந்தாள். இன்னும் கத்தியது. இன்னும் நகர்ந்தாள். ஓர் இடத்தில் அது கத்தலை நிறுத்தி, சர்ரென்று வளைக்குள் புகுந்தது.

அந்த இடத்தில் அவள் ஒரு செங்கல்லை வைத்தாள். பறவைகள் மீன் பிடிக்கப் போன நேரம் பார்த்து ஓடி, செங்கல்லிலிருந்து கரை வரை நூல் பிடித்து, அந்த நீளத்துக்கு வெட்டிக்கொண்டாள். விளையாட வரும் பிள்ளைகளிடம் எல்லாம், "இவ்ளோ தூரம் தள்ளித்தான் நிக்கணும்" என்று நூலை நீட்டிக் காட்டுவாள். அவர்கள் அவளுக்கு 'நூல் போலீஸ்' என்று இன்னொரு பெயரும் வைத்தார்கள்.

பம்பரம் நூல்கண்டை வெளியே எடுத்தாள்.

"அப்பா, சாக்ஸைக் கழட்டுங்க."

"என்னது?"

"நீல சாக்ஸ்தானே? ரெண்டையும் கழட்டுங்க. சீக்கிரம்."

யோசிக்க நேரம் கிடைக்காததால் அப்பா கழற்றிவிட்டார். பம்பரம் இரண்டையும் சேர்த்துச் சுருட்டினாள். கிட்டத்தட்ட மீன்கொத்தி அளவுக்கு வந்தது. நூலின் ஒரு முனையைக் கடை வாசல் கம்பியில் கட்டினாள். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நடைபாதையோடு ஓடினாள். நூல் எங்கே முடிந்ததோ, அங்கே இருந்த மரக்கிளையில் சாக்ஸைச் சொருகினாள்.

திரும்பி ஓடி வந்து, "இதுதான் செங்கல். அதுதான் மீன்கொத்தி. இதைவிடக் கிட்ட போக அது விடாது. இப்போ ஒவ்வொண்ணா மாட்டிப் பாருங்க" என்றாள்.

கடைக்கார அக்கா சாவிக்கொத்தைக் கீழே வைத்தாள். "அட" என்று முந்நூறை எடுத்துக் கேமராவில் மாட்டினாள்.

அப்பா பார்த்தார். "நாவல்பழம் மாதிரி தெரியுது."

அடுத்து பீரங்கி. அப்பா அதைத் தூக்கியதும் கை நடுங்கியது. "இலை தெரியுது... சுவர் தெரியுது... யாரோ ஒருத்தர் காது தெரியுது. சாக்ஸ் எங்க போச்சு?"

காதுக்குச் சொந்தக்காரர், காய்கறிப் பையோடு போய்க்கொண்டிருந்தவர், நின்றுவிட்டார். "சார், எதைப் படம் எடுக்கறீங்க?"

"சாக்ஸை."

"யாரோடது?"

"என்னோடதுதான்."

அவர் அப்பாவின் வெறுங்கால்களைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். மேலே எதுவும் கேட்காமல் வேகமாக நடந்தார்.

ஒருவழியாக அப்பா சாக்ஸைக் கண்டுபிடித்தார். உடனே தவறவிட்டார். பீரங்கிக்குள் மரத்தில் ஒரு துண்டுதான் தெரிந்தது. அந்தத் துண்டில் சாக்ஸ் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

"சாக்ஸ் சும்மா இருக்கு. அதையே பிடிக்க முடியலை" என்றாள் பம்பரம். "மீன்கொத்தி வந்து ரெண்டு கண் சிமிட்டல்ல உள்ள போயிடும்."

கடைசியாக நானூறு வரை நீளும் ஜூம். பம்பரமும் எட்டிப் பார்த்தாள். முதலில் நூறில் வைத்தாள். மரம் முழுக்கத் தெரிந்தது. சாக்ஸ் எங்கே என்று பார்த்த உடனே தெரிந்தது. பிறகு வளையத்தைத் திருப்பினாள். மரம் வெளியே போயிற்று, கிளைகள் வெளியே போயின, சாக்ஸ் மட்டும் பெரிதாகி வந்து நின்றது. அதில் ஓர் ஓட்டைகூடத் தெரிந்தது.

"அப்பா, உங்க சாக்ஸ் கிழிஞ்சிருக்கு."

அப்பா வாங்கிப் பார்த்தார். தாடையைத் தடவவில்லை.

"இதுதான்" என்றார்.

கடைக்கார அக்கா, அவர் மனசு மாறுவதற்குள் லென்ஸைப் பைக்குள் வைத்து மூடினாள்.

அப்பா கைபேசியில் அம்மாவோடு பேசினார். "லென்ஸ் எடுத்தாச்சு."

"அதுக்குள்ளயா? உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்றாள் அம்மா.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் இருவரும் குளத்துக்கு வந்துவிட்டார்கள். செங்கல்லுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. கை நடுங்காமல் இருக்க அதன் முதுகில் ஒரு தலையணை. தலையணைமேல் லென்ஸ்.

முதல் தடவை மீன்கொத்தி வந்தபோது அப்பா வெளிச்சத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்வதற்குள் அது உள்ளே போய், வெளியே வந்து, பறந்தும் விட்டது.

"அப்பா."

"ஒரு தடவை சரிபார்த்துட்டா பிறகு பிரச்சினை இல்லை."

இரண்டாம் தடவை சரிபார்த்ததைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

பம்பரத்துக்கு அழுகை வந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கால் தானாக மண்ணைத் தட்டியது. அந்த நேரம் பார்த்துச் செயலாளர் மாமா கைகளை வீசி நடந்து வந்தார்.

"என்ன, எலி மாட்டுச்சா?" என்று கேட்டபடி செங்கல்லைத் தாண்டி நேராக வளையை நோக்கிப் போனார்.

கிளையில் நீலமாக ஏதோ வந்து உட்கார்ந்தது. அலகில் மீன். கத்தத் தொடங்கியது.

"மாமா, வாங்க, வாங்க, இங்க வாங்க" என்று பம்பரம் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தாள். "நீங்க அங்க நின்னா அது சாப்பாடு குடுக்காது. அன்னைக்கும் அதனாலதான் வரலை."

"அப்படியா? நான் என்ன பூனையா?"

"அதுக்கு நீங்க பூனையைவிடப் பெருசு மாமா. இங்க உக்காருங்க. இதுல கண்ணை வையுங்க."

அப்பா திகைத்துப் போய் நகர்ந்து கொடுத்தார். மாமா மண்டியிட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். பம்பரம் முதலில் நூறில் வைத்தாள்.

"கரை தெரியுதா மாமா?"

"தெரியுது."

"வளை?"

"ம்ம். எலி வளை."

அவள் வளையத்தை மெதுவாகத் திருப்பினாள். திருப்பி முடித்ததும் கையை எடுத்துவிட்டு அசையாமல் நின்றாள். மூக்கு அரித்தது. சொறியவில்லை. காலில் எறும்பு ஊர்ந்தது. உதறவில்லை.

மீன்கொத்தி கத்தலை நிறுத்தியது. சர்ரென்று பறந்து வளை வாசலில் ஒட்டிக்கொண்டது. உள்ளேயிருந்து ஓர் அலகு எட்டிப் பார்த்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. அதற்கும் கீழே, இரண்டையும் முட்டித் தள்ளிக்கொண்டு மூன்றாவது.

"ஐயோ, மூணு. வாயைப் பாரேன், வாயை" என்று மாமா முணுமுணுத்தார். "அந்தக் கடைசிக் குட்டிக்குக் குடு. அதுக்குக் கிடைக்கலை."

"மாமா, அந்தப் பொத்தான்" என்று பம்பரம் காதோரம் சொன்னாள்.

மாமா அழுத்தினார். எடுத்த விரலை மறுபடி அழுத்தினார். மீன்கொத்தி பறந்துபோன பிறகும் அழுத்திக்கொண்டே இருந்தார்.

மதியக் கூட்டத்தில் சுவரில் படத்தைப் பெரிதாகக் காட்டினார்கள். நீல இறகு, மீன், திறந்த மூன்று வாய்கள். ஒரே சலசலப்பு. "யார் எடுத்தது?" என்று பலர் கேட்டார்கள். அப்பா வாயைத் திறந்தார். பம்பரம் அவர் காலை மெல்ல மிதித்தாள்.

செயலாளர் மாமா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "நான்தான். சும்மா சொல்லக்கூடாது, அதுக்கு ரொம்பப் பொறுமை வேணும். குஞ்சுங்க பறந்து போற வரைக்கும் கரையில யாரும் கை வைக்க வேணாம். இயந்திரக்காரருக்கு நான் சொல்லிக்கிறேன்."

அன்று சாயங்காலம் அப்பாவும் பம்பரமும் லென்ஸைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பினார்கள். அப்பா புதுச் சாக்ஸ் போட்டிருந்தார். போகும் வழியில் குளத்துப் பக்கம் எட்டிப் பார்த்தார்கள்.

செங்கல்லுக்குப் பின்னால் செயலாளர் மாமா நின்றுகொண்டிருந்தார். கையில் பம்பரத்திடம் கேட்டு வாங்கிய நூல்கண்டு. வேடிக்கை பார்க்க வந்தவர்களை எல்லாம், "நூலுக்குப் பின்னாடி, நூலுக்குப் பின்னாடி" என்று அதட்டிக்கொண்டிருந்தார். பம்பரத்தைப் பார்த்ததும் பக்கத்தில் வந்தார்.

"பாப்பா, அந்தக் கடைசிக் குட்டி எப்போ வெளிய வரும்? நாளைக்கா? நாளன்னைக்கா? பறக்கத் தெரியுமா அதுக்கு?" ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றார்.

கிளையில் மீன்கொத்தி மறுபடி கத்தத் தொடங்கியது.

"மாமா," என்றாள் பம்பரம், "கொஞ்சம் ஆடாம நில்லுங்க."