அரைக் கோப்பைப் பழி

"இது டீயா, இருமல் மருந்தா?"

அந்த வீட்டில் காக்காய்க்கு முன்னால் மாமியாரின் குரல் எழுந்துவிடும். அன்றைக்கும் எழுந்தது.

"கேக்கறேன்ல? கப்புக்கு அடியில கொஞ்சமா கெடக்கு. அதுவும் ஜில்லுனு! ஏண்டி, உனக்கும் அடுப்புக்கும் ஏதாவது சண்டையா?"

மருமகள் அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டே, "குடிங்க அத்தை... முடிச்சதும் இன்னொரு அரை கப் தர்றேன்," என்றாள்.

"தவணை முறையில டீ குடுக்கற வீடு உலகத்துலயே இது ஒண்ணுதான்!"

பஸ் டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கணவன் ஷூவை மாட்டியபடி சிரித்துவிட்டான். டிரைவர் வேலையில் இருப்பவனுக்கு எங்கே ஒதுங்க வேண்டும் என்று தெரியாதா? மனைவியின் முறைப்பு மேலே படுவதற்குள் வாசலைத் தாண்டிவிட்டான்.

மாமியார் அடுத்து போனை எடுத்தாள். ஸ்பீக்கரில்தான் பேசுவாள், சமையலறைக்குக் கேட்க வேண்டுமே!

"நான் என்னத்தைம்மா சொல்ல... அரை கப்புதான். மாசக்கணக்கா இப்படித்தான். இந்த வயசுல ஒரு வாய் டீக்குக் கையேந்தணும்னு என் தலையில எழுதியிருக்கு..."

அந்தப் பக்கம் மகள் கொதித்தாள். "லீவு நாள்ல வர்றேன்மா. வந்து ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்! என்கூடவே கூட்டிட்டு வந்துடறேன் உன்னை!"

சமையலறையில் மருமகளுக்கு எல்லாம் கேட்டது. ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்தப் பழி அந்த நிமிஷமே தீர்ந்துபோகும். அந்த வார்த்தையைத்தான் அவள் சொல்லமாட்டாள்.

ஏன் என்று கேட்பீர்கள். கஞ்சத்தனம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள், பாவம்.

மாமியாருக்குத் தெருவில் தையல்காரம்மா என்று பெயர். கணவன் சின்ன வயதிலேயே போய்ச் சேர, ஒரே ஒரு தையல் மிஷினை வைத்து இரண்டு பிள்ளைகளை ஆளாக்கியவள். இன்றைக்கும் முன்னறை ஜன்னலோரம் அந்த மிஷின் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அவள் நாக்கும் கத்தரிக்கோல்தான். ஆனால் அந்தத் தெருவில் அவள் தைத்துக்கொடுக்காத பள்ளிச் சீருடை கிடையாது.

சில மாதங்களுக்கு முன்னால் துணி துவைக்கும்போது மருமகள் கவனித்தாள். மாமியாரின் நைட்டியில், மடிப் பக்கம், டீக்கறை. அடுத்தடுத்த துவையலிலும் அதே இடத்தில் அதே கறை. படுக்கையை உதறும்போது தலையணைக்கு அடியிலிருந்து தீக்காயத்துக்குப் போடும் களிம்பு வந்து விழுந்தது.

பிறகு ஒரு நாள் காலையில் கண்ணாலேயே பார்த்தாள். சமையலறையில் மாமியார் தனியாக நின்று கோப்பையை எடுத்தாள். வாய்க்குக் கொண்டுபோகும் வழியிலேயே வலது கை நடுங்கியது. உதவிக்கு வந்த இடது கையும் நடுங்கியது. கொதிக்கிற டீ தொடையில் சிந்தியது. துண்டின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சத்தமே போடாமல், கண்ணில் தண்ணீர் முட்ட நின்றாள் அந்த மனுஷி!

மருமகள் பார்க்காத மாதிரி பின்வாங்கி வந்துவிட்டாள்.

கணவனிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் அவன் அம்மா மேல் வைத்திருக்கும் பாசம் ஒரு தினுசான பாசம். ஒரு தடவை தலை சுற்றுகிறது என்று சொன்னதற்கு, மாடிப்படி பக்கமே போகக்கூடாது என்று சட்டம் போட்டவன். கை நடுங்குவது தெரிந்தால் மறுநாளே மிஷினைத் தூக்கிப் பரணில் போட்டுவிடுவான். மிஷின் பரணுக்குப் போனால் மாமியார் எதற்காகக் காலையில் எழுந்திருப்பாள்? அவள் இத்தனை பாடுபட்டு மறைப்பதை நாம் ஏன் போட்டு உடைக்க வேண்டும் என்று மருமகள் வாயைப் பூட்டிக்கொண்டாள்.

அரை கப் என்றால் தளும்பாது. ஆறியிருந்தால் சுடாது. அவ்வளவுதான் விஷயம். நாள் தவறாமல் திட்டு விழுந்தது. தொடையில் புதுக்காயம் விழவில்லை. நமக்கு அது போதும் என்று இருந்துவிட்டாள்.

வேடிக்கை என்னவென்றால், அவள் வேலையே கோப்பைதான். வீட்டுச் சாமான்கள் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் வடிவமைப்புப் பிரிவில் இருந்தாள். மேஜையிலிருந்து டீயை இழுத்து மேலே கொட்டிக்கொள்ளும் குழந்தைகளுக்காக, சாய்ந்தாலும் சட்டென்று கொட்டாத கோப்பை ஒன்றைச் செய்துகொண்டிருந்தார்கள். கலர் தண்ணீரை ஊற்றுவது, தட்டிவிடுவது, மேஜையில் எவ்வளவு ஓடுகிறது என்று பார்ப்பது, உதட்டைப் பிதுக்குவது, மறுபடியும் ஊற்றுவது. அந்தக் காலைக்குப் பிறகு அவள் கண் முன்னால் நின்றது குழந்தையின் கை அல்ல.

மாதிரிக்குச் செய்த ஒன்றை வீட்டுக்கே கொண்டுவந்து அலமாரியில் வைத்துப் பார்த்தாள். இரண்டு பக்கமும் கைப்பிடி, மேலே மூடி, மூடியில் உறிஞ்சும் மூக்கு.

மாமியார் கண்ணில்தான் அது முதலில் பட்டது.

"இது யாருக்கு? இந்த வீட்டுல இருக்கற ஒரே பிள்ளையும் ஹாஸ்டல்ல இருக்கு... ஓஹோ! எனக்கா? நான் என்ன தவழ்ற குழந்தையா? இந்த அவமானத்துக்கு உன் அரை கப்பே தேவலை!"

"ஐயோ இல்லத்தை! ஆபீஸ் சாம்பிள்... தெரியாம வெச்சுட்டேன்..."

அன்று ராத்திரி மகளுக்குப் போன் பறந்தது. மருமகள் ஒன்று கற்றுக்கொண்டாள்: பார்த்தவுடன் விஷயத்தைக் காட்டிக்கொடுக்கிற கோப்பையை மானமுள்ள யாரும் கையால் தொடமாட்டார்கள். மறுநாளே கைப்பிடி ஒன்றாயிற்று. மூக்கு போயிற்று. மூடியை வெளியில் தெரியாமல் விளிம்புக்குக் கீழே இறக்க முடியுமா என்று வரையத் தொடங்கினாள்.

அது முடிவதற்குள் லீவு நாள் வந்துவிட்டது. நாத்தனாரும் வந்துவிட்டாள்.

நாத்தனார் பள்ளிக்கூடத் தலைமையாசிரியை. அவள் உள்ளே நுழைந்தாலே பிரேயர் மணி அடித்த மாதிரி எல்லோரும் எழுந்து நின்றுவிடுவார்கள். செருப்பைக் கழற்றியதும் நேரே சமையலறைக்குப் போனாள்.

"நகரு. எங்கம்மாவுக்கு நான் டீ போடறேன். இந்த வீட்டுல பாலுக்கும் சர்க்கரைக்கும் பஞ்சமான்னு பாத்துடலாம்!"

"அண்ணி, நானே போட்டுத் தர்றேன்..."

"நீ தர்ற லட்சணம்தான் தெரியுதே!"

கொதிக்கக் கொதிக்க, விளிம்பு வரைக்கும் ஊற்றி, தட்டில் வைத்துக் கூடத்துக்குக் கொண்டுவந்தாள். தம்பியும் அங்கேதான் உட்கார்ந்திருந்தான்.

"இந்தாம்மா. முழு கப். எல்லாரும் பாக்க, நிம்மதியா குடி."

மாமியாரின் முகம் வெளிறிப்போயிற்று. தனியாக இருந்தால் கோப்பையை மேஜையிலேயே வைத்துக் குனிந்து உறிஞ்சிக்கொள்வாள். இப்போது மூன்று ஜோடிக் கண்கள்! முழு கப் வேண்டும் என்று ஊரைக் கூட்டியதும் அவள்தானே, எப்படி வேண்டாம் என்பாள்? கையை நீட்டி வாங்கினாள்.

கோப்பை தட்டை விட்டு மேலே வந்தது. தளும்பியது. விரல்கள் உதறின...

மருமகள் பாய்ந்து வந்தாள். மாமியாரின் மடிக்கும் கோப்பைக்கும் நடுவே தன் கையைக் குறுக்கே கொடுத்துத் தள்ளினாள். அத்தனை டீயும் அவள் முன்கையில் கொட்டியது. கோப்பை தரையில் விழுந்து சிதறியது.

"அம்மா..!" என்று துடித்தாள் மருமகள்.

"பாத்தியாடா!" நாத்தனார் அலறினாள். "தட்டி விட்டுட்டா! என் கண்ணு முன்னாலயே தட்டி விட்டுட்டா! எங்கம்மா ஒரு வாய் டீ குடிக்கறது இவளுக்குப் பொறுக்கல!"

கணவன் திகைத்துப்போய் எழுந்தான். "என்ன காரியம் பண்ணே நீ? சொல்லு... வாயைத் தொறந்து சொல்லேன்!"

கை தீயாய் எரிந்தது. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மாமியாரை ஒரே ஒரு தரம் பார்த்தாள். அந்தக் கண்களில் இருந்த பயத்தைப் பார்த்ததும் தொண்டைவரை வந்த உண்மை திரும்பி உள்ளே போய்விட்டது.

"கை... தவறிப் பட்டுடுச்சுங்க. மன்னிச்சுடுங்க அண்ணி."

உள்ளே போய்க் குழாயைத் திறந்து அடியில் கையை நீட்டினாள். தண்ணீர்ச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று நினைத்து விம்மினாள். கேட்டது.

"கெளம்பும்மா. துணிமணியை எடுத்து வை. இனிமே ஒரு நிமிஷம் இந்த வீட்டுல நீ இருக்கக்கூடாது!"

மாமியார் நகரவில்லை. தன் மடியைக் குனிந்து பார்த்தாள். ஒரு சொட்டு இல்லை. நைட்டி காய்ந்துகிடந்தது. இத்தனை மாத அரை கப்பும், ஆறின டீயும், அலமாரியில் இருந்த அந்தக் குழந்தைக் கோப்பையும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து அவளை அறைந்தன.

'அடிப்பாவி... உனக்குத் தெரிஞ்சிருக்கு! தெரிஞ்சுக்கிட்டேதான் இத்தனை பேச்சையும் வாங்கிக் கட்டிக்கிட்டியா!'

"அம்மா, சொல்றது காதுல விழல?"

"நீ வாயை மூடு!"

தலைமையாசிரியை வாயை மூடிக்கொண்டாள்.

"ரெண்டு பேரும் பாருங்க." மாமியார் எழுந்து நின்று இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினாள். அவை நடுங்கின. அவள் அதை நிறுத்தப் பார்க்கவில்லை. "என் கை நடுங்குது. ரொம்ப நாளா நடுங்குது. மிஷினைப் பிடுங்கிடுவீங்கன்னு பயந்து மறைச்சேன். அந்த டீ என் மடியில விழ வேண்டியது. அவ குறுக்க வந்து வாங்கிக்கிட்டா! அரை கப்பு, ஆறின டீ எல்லாம் நான் வெந்து போகக்கூடாதுன்னு அவ குடுத்தது. நான்... நான் அவளை ஊரெல்லாம் கஞ்சப்பிசினாரின்னு சொல்லி வெச்சேன்..."

குரல் உடைந்துபோயிற்று.

கணவன்தான் முதலில் வாய் திறந்தான். "ஏம்மா இதை என்கிட்ட சொல்லல? இனிமே அந்த மிஷின் பக்கமே நீ..."

"மிஷினைத் தொட்டீங்கன்னா எனக்குக் கெட்ட கோபம் வரும்!"

சமையலறை வாசலில் மருமகள் நின்றிருந்தாள். சிவந்த கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கல்யாணமான நாள் முதல் அந்த வீட்டில் அவள் குரல் உயர்ந்ததே இல்லை. கணவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"மிஷின்ல உக்காந்தா அத்தை கை அடங்கித்தான் இருக்கு. நான் பாத்திருக்கேன். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவோம். மிஷின் இருக்கற எடத்துலயே இருக்கும்!"

மாமியார் ஓட்டமும் நடையுமாகப் போய் அவளை இழுத்துக் குழாயடிக்கே கொண்டுவந்தாள். "பேச்சு அப்புறம் பேசிக்கலாம். கையை நீட்டு... நீட்டுடி!" தண்ணீருக்கு அடியில் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, "எரியுதா? எரியுதாம்மா?" என்று அழுதாள். நாத்தனார் பற்பசையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

"அதெல்லாம் போடக்கூடாது அண்ணி. தண்ணிதான்... இப்படியே கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

"என்னை மன்னிச்சுடும்மா," என்றாள் நாத்தனார். பற்பசையை என்ன செய்வது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு அழுதாள்.

மருமகளின் கை தோல் உரிந்து ஆறியது. டாக்டர் மாமியாரைப் பார்த்துவிட்டு, வயசானால் வருகிற நடுக்கம்தான், பயப்பட ஒன்றுமில்லை என்று மாத்திரை எழுதினார்; தைக்கலாமா என்று கேட்டதற்குத் தாராளமாக என்றார். மகன் அதைத் தன் காதாலேயே கேட்டான்.

அதற்கப்புறம் வீட்டில் சண்டை குறைந்ததா என்றால், எங்கே குறைந்தது? மாமியார் கோப்பையில் குற்றம் கண்டுபிடிக்க ஆரம்பித்துவிட்டாள். ஒன்று வழுக்குகிறது, ஒன்றில் குடிக்கிறபோது விளிம்பு மூக்கில் இடிக்கிறது. "ஏண்டி இதை இவ்வளவு லேசா பண்ணே? கனமான தெரச்சீலை தைக்கறப்போ என் கை சும்மாதான் இருக்கு. லேசான துணியைத் தூக்கினாத்தான் ஆட்டம். அடியில கனம் வை!" மருமகள் வைத்தாள். கோப்பைக்கும் அது நல்லதாகப் போயிற்று. தட்டிவிட்டாலும் விழ யோசித்தது.

கடைசியில் வந்த கோப்பையைப் பார்த்தால் சாதாரணக் கோப்பைதான். அகன்ற அடி, உள்பக்கம் மடிந்த விளிம்பு, அதற்குக் கீழே கண்ணுக்குத் தெரியாமல், உறிஞ்சத் துளை வைத்த ஒரு மூடி. அந்த வீட்டில் எல்லோருக்கும் அதே கோப்பைதான் என்று மருமகள் தீர்த்துச் சொல்லிவிட்டாள்.

கம்பெனியில் அதைக் காட்டும் நாளில் மாமியாரும் கூடவே வந்தாள். முதலாளியும் பத்துப் பதினைந்து பேரும் சுற்றி நிற்க, சூடான கலர் தண்ணீரை மூடி மட்டம் வரை ஊற்றச் சொன்னாள். மாத்திரையால் நடுக்கம் குறைந்திருந்தது, போகவில்லை. கையை மறைக்காமல் தூக்கினாள். கோப்பை ஆடியது. உள்ளே தண்ணீர் எழும்பி, மூடியிலும் மடிந்த விளிம்பிலும் மோதி, உள்ளேயே திரும்பியது. தரையில் ஒரு சொட்டு இல்லை.

"பெரியம்மா, உங்களுக்குப் பயமா இல்லையா?" என்று முதலாளி கேட்டார்.

"எனக்கென்ன பயம்? என் மேல ஒரு சொட்டு விழறதுக்கு முன்னாடி குறுக்க விழற மருமக இருக்கா எனக்கு. இதோ நிக்கறாளே, இவதான்!"

பழியெல்லாம் பேசாமல் வாங்கிக்கொண்டவளுக்கு இந்த ஒரு பெருமையைத் தாங்க முடியவில்லை. அத்தனை பேர் முன்னாலும் குழந்தை மாதிரி அழுதுவிட்டாள்.

மாமியார் கோப்பையை வைத்துவிட்டு வந்து அவள் முகத்தைப் பிடித்தாள். கண்ணைத் துடைக்கப் போன விரல் நடுங்கி மூக்கைத் துடைத்தது. மருமகள் அழுதுகொண்டே சிரித்தாள்.

"நானே துடைச்சுக்கறேன் அத்தை..."

"சும்மா நில்லுடி. ரெண்டு தடவை ஆனாலும் நான்தான் துடைப்பேன்."

அவள் சும்மா நின்றாள்.